விரிசலுக்குள் கறுப்புச் சாயம்

ரெம்பியா அருகே, செம்பனைக் குலை ஏற்றிவந்த என் லோரியின் அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை முறிந்தது. "பள்ளத்துல இறக்கிட்டீங்க. நாளையிலருந்து வராதீங்க" என்று ஓட்டுநர் மாணிக்கம் அண்ணனை அனுப்பிவிட்டேன்.

பாச்சாங்கில் பட்டறை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா, முறிந்த இடத்தில் டார்ச் அடித்தார். ஓரத்தில் நகத்தளவு மட்டும் பளபளத்தது. மற்றதெல்லாம் துரு.

"பளபளன்னு இருக்கிறதுதான் இன்னைக்கு ஒடஞ்சது லா. மிச்சமெல்லாம் பட்டை வளையறப்பல்லாம் கொஞ்சங்கொஞ்சமா விரிசல் விட்டது."

"எப்ப ஆரம்பிச்சிருக்கும் அக்கா?" எனக்கு ஆவல் தாங்கவில்லை.

அவர் துருவைச் சுரண்டினார். கறுப்புச் சாயம் உதிர்ந்தது. "உள்ள சாயம் எறங்கியிருக்கு. அதுக்கு முன்னாடியே விரிசல் இருந்திருக்கு. எப்பப் பூசுனீங்க?"

ஆயுத பூஜைக்கு. பட்டையில் தெரிந்த மெல்லிய துருக்கோட்டைச் சாயத்தால் மறைத்து, சந்தனப் பொட்டு வைத்தவன் நான்தான்.

உடைந்த துண்டோடு மாணிக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வேலைக்குக் கூப்பிட்டேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கோட்ட நானும் பாத்தேன் தம்பி. சொல்ல வர்றதுக்குள்ள பொட்டு வச்சிட்டீங்க. சாமி கும்பிடுற நேரத்துல கொற சொல்ல வேணாமேன்னு விட்டுட்டேன்."

இப்போதெல்லாம் பூஜைக்கு முதல் நாளே டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் பார்த்து முடிக்கும்வரை சாய டின்னைத் திறப்பதில்லை.