அம்மாவுக்குப் பதிலாக ஒரு சண்டை

"இன்னாமே, புக்கைப் பாத்துப் படிச்சா மாதாவுக்குக் காது கேக்குமா?" என்று அத்தை ஒருநாள் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். சுருக்கென்றது.

அம்மா ஆழ்வார்பேட்டை வரை கூடை சுமந்து மீன் விற்றவள். குப்பத்தில் யாருக்குக் கஷ்டம் நீண்டாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். கோவிலில் மாதா சுரூபத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்பாள். "நீயும் புள்ளயப் பறிகுடுத்தவதானே? மறந்துபூட்டியா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் நிம்மதி வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கே பக்கவாதம். வலது கை, கால், நாக்கு, மூன்றும் போயின.

நான் தினமும் மாலை செபப்புத்தகத்தோடு கோவிலுக்குப் போனேன். எத்தனை நவநாள், எத்தனை மெழுகுவர்த்தி! வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா இடது கையால் பாயை அறைந்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அவள்மேலும் எரிச்சல். அந்தப் புத்தகம் முழுவதும் தேடினேன். மன்னித்தருளும் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஏன் என்று கேட்க ஒரு வரி இல்லை. எதை மன்னிக்க? மீன் விற்றதையா?

நேற்று மாலை மாதாவின் முன்னால் நின்று புத்தகத்தை மூடினேன்.

"இன்னா சிரிப்பு உனுக்கு? உன் எதிர்ல நின்னு கேள்வி கேட்டவ அவ ஒருத்தி. அந்த வாயைத்தான் புடுங்கிக்கினியா? ரெண்டு வருசமா கிடக்கறா. உனுக்குக் கண்ணு தெரியலியா?"

என் குரல் கூரையில் முட்டித் திரும்பியது. கோவில்பிள்ளை விளக்கை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"பள்ளிக்கூடத்துல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல, வூட்ல" என்றேன்.

சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். பாதி வாயால் சிரித்தாள். பிறகு போதாது என்று கையை ஆட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டு, கோவில் பக்கம் காட்டினாள்.

"தூக்கிகினு போவ யார்மே கீறாங்க?" என்றாள் அத்தை. "வந்து மட்டும் இன்னா பண்ணப்போறா? பேச்சே இல்லியே."

முறைக்கவாவது முறைக்கட்டும். தெருமுனை ரிக்‌ஷாக்காரரிடம் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன்; நாளை விடியற்காலைப் பூசைக்கு முன்பே வாசலில் வண்டி நிற்கும்.