மூக்குக்கும் ஒறுத்தல் உண்டா?

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு நேர்வழியில் வந்தால் ஏழு நிமிஷம். தவக்காலம் தொடங்கியதிலிருந்து எமரன்சி சுற்றுவழியில் பதினைந்து நிமிஷம் நடந்தாள். நேர்வழியில் ஒரு பேக்கரி இருந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டப் பார்த்தாள் ஒருநாள். மூக்கை மூடிக்கொள்ள மறந்துபோனாள். தேங்காய் பன் அடுப்பிலிருந்து இறங்கும் நேரம். காய்ப்பையோடு நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஸ்கூட்டர்க்காரன் கன்னடத்தில் திட்டிய பிறகுதான் கால் நகர்ந்தது.

ஐம்பத்தெட்டு வயது. சுகர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, வெட்கம் மட்டும் இல்லை என்று தன்னைப் பற்றி அவளே சொல்வாள். கல்யாணத்துக்குப் போய்வந்தால் பெண் மாப்பிள்ளை பெயர் மறுநாளே மறந்துவிடும். பந்தியில் என்ன இனிப்பு போட்டார்கள் என்று கேட்டால் முப்பது வருஷத்துக்கு முந்தையதைக்கூட வரிசையாகச் சொல்வாள்.

இப்படிப்பட்டவள் தவக்கால ஒறுத்தலாக இனிப்பை விட்டதற்குக் காரணம் பக்தி இல்லை, வாய். ஜனவரியில் அவள் கணவர் ரெமிஜியஸுக்கு விடாத இருமல். பள்ளிக்கூட லேபில் உதவியாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்தாறு வருஷமாக சிகரெட். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஊதினீங்கன்னா, ஆக்ஸிஜன் சிலிண்டர இழுத்துக்கிட்டுதான் நடக்கணும் சார்" என்றார். வீட்டுக்கு வந்ததும் எமரன்சி ஆரம்பித்தாள். வாரக்கணக்கில் நிறுத்தவில்லை. கடைசியில் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு கோவில் வாசலில் நின்று ரெமிஜியஸ் கேட்டார்:

"நீ மட்டும் சுகர வெச்சிக்கிட்டு லட்டு முழுங்கலாமா?"

"நான் நாளைக்கே வுடுவேன். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

"வுடு பாக்கலாம். நீ இனிப்பு, நானு சிகரெட்டு. ஈஸ்டர் வரைக்கும். யாரு மொதல்ல விழுந்தாலும் இன்னொருத்தருக்கு அன்னிக்கே விடுதலை."

"சரிய்யா."

அந்த 'சரிய்யா' வாயை விட்டுப் போனபிறகுதான், வீட்டில் அரை டப்பா மைசூர்பாகு இருப்பது ஞாபகம் வந்தது.

மூன்றாவது வாரம், மாடியில் குடியிருக்கும் வைஷ்ணவி இறங்கி வரும்போது, எமரன்சி படிக்கட்டில் உட்கார்ந்து காலி மில்க்மெய்ட் டின்னின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஜெபப் புத்தகத்தைக்கூட அவ்வளவு உருக்கமாகப் படித்தவளில்லை. வைஷ்ணவிக்கு சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. எப்போதும் ஏதாவது ஒரு டயட்டில் இருப்பாள். மேலே ஓடிப்போய் மூன்று பொட்டலங்களோடு வந்தாள்.

"ஆன்ட்டி, இது பக்வீட் டீ. கோதுமை இல்ல, வேற தானியம். வடக்க விரதத்துக்கு குட்டுன்னு சொல்லி ரொட்டி சுடுவாங்களே, அதேதான். இத வறுத்து டீயா போடறாங்க. இது கேரமல் புட்டிங், இது சாக்லேட் கேக், இது ஆப்பிள் பை. வாசனை மட்டும்தான். ஒரு துளி சுகர் கிடையாது. சக்கத்தா, சூப்பரா இருக்கும்."

டீ என்றால் எமரன்சிக்கு ஒரே வழிதான் தெரியும். பாலைப் பொங்கவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, ரெண்டு கை தானியத்தை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டாள். அது ஊதியது. இன்னும் ஊதியது. கால் மணியில் கரண்டி நட்டால் நிற்கும் பதத்துக்கு வந்து, அடியும் பிடித்தது. அதை வடிகட்டியில் கவிழ்த்தபோது மொத்தமாக ஒரே கட்டியாய் விழுந்தது. மேலேயிருந்து வந்து பார்த்த வைஷ்ணவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, பாலே வேணாம்! வெந்நீர ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வெக்கணும், அவ்ளோதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னவாம்?"

கேரமல் புட்டிங்கை முறைப்படி ஒரு தம்ளரில் போட்டு, மூடியைத் திறந்தாள் எமரன்சி. ஆவி முகத்தில் அடித்தது. சர்க்கரை தீய்கிற வாசனை, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் அடுப்பை அணைத்த மாதிரி. பொன்னிறத் தண்ணீர். ஒரு வாய் குடித்தாள். வறுத்த கடலை மாதிரி ஒரு ருசி முதலில். அதன் பின்னாலேயே கல்யாணப் பந்தியின் கடைசிக் கிண்ணத்துப் புட்டிங். நாக்கில் இனிப்பு இல்லை. ஆனால் அது நாக்குக்குத் தெரியவில்லை. தம்ளர் அடியில் ஊறிக்கிடந்த தானியத்தையும் ஸ்பூனால் வழித்துத் தின்றாள். மெத்தென்று இருந்தது. கண்ணோரம் ஈரமாகிவிட்டது. ஒரு தம்ளர் வெந்நீருக்கு அழுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னொரு தம்ளர் போட்டாள்.

அப்போது ரெமிஜியஸ் உள்ளே வந்தார். கதவருகிலேயே நின்று மோந்தார்.

"புட்டிங் பண்ணியா?"

"டீங்க. சக்கரையே இல்ல. பொட்டலத்துல போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க."

"வாசன புட்டிங்காதான இருக்கு?"

"வாசனதான். வாயில இனிப்பு கெடையாது. மூக்குல மட்டும்தான்."

"ஓ, மூக்குக்கு ஒறுத்தல் கெடையாதா?" என்றார் அவர். "அப்ப செரி."

மாலையில் பார்த்தால் வராந்தாவில் உட்கார்ந்து, பற்றவைக்காத ஒரு சிகரெட்டை மூக்கடியில் வைத்து மோந்துகொண்டிருந்தார்.

"என்னங்க இது!"

"மூக்குதான? பொகையே கெடையாது, வேணா மோந்து பாரு."

எமரன்சி அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். அத்தோடு டீயை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சாக்லேட் கேக் பொட்டலம் பிரிக்காமல் கிடந்ததே! மறுநாள் அதைப் பிரித்தாள். சிகரெட் மூக்கிலிருந்து உதட்டுக்கு வந்தது. மூன்று நாள் கழித்து ஆப்பிள் பை. பட்டை வாசனையோடு அவள் அதை அனுபவித்துக் குடித்து முடித்தபோது, வராந்தா மேசையில் ஒரு தீப்பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. தன் தம்ளர் ஒவ்வொன்றும் மனுஷனை ஒரு அடி தள்ளுகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. இன்னும் ஒரு அடிதான் பாக்கி.

"நான் டீய வுட்டுட்டேன்" என்று அன்றே அறிவித்தாள். தீப்பெட்டி அடுக்களைக்குத் திரும்பியது.

அறிவித்தது உண்மை. விட்டதுதான் உண்மையில்லை. வைஷ்ணவியிடம் சொல்லி கேரமல் புட்டிங்கில் ஒரு கிலோ பொட்டலமே வரவழைத்தாள். அலமாரியில் கோதுமை நொய் இருந்த எவர்சில்வர் டப்பாவுக்கு ஜோடியாக அதேமாதிரி ஒன்று காலியாக இருந்தது. அதில் கொட்டி மூடினாள். ரெமிஜியஸ் காலை ஆறு மணிப் பூசைக்குப் போனதும் ஒரு தம்ளர். ஜன்னலைத் திறந்துவைத்து, வாசனை போக வெங்காயம் வதக்கி விடுவாள். ஆறரை மணிக்கு ஏன் தினமும் வெங்காயம் வதக்குகிறாள் என்று அவர் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், சர்க்கரை இல்லாத வெந்நீரைத் திருடிக் குடிப்பவள் இந்தப் பெங்களூரில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே குடிப்பாள்.

பெரிய வெள்ளியன்று அவர்கள் கோவிலில் மூன்று மணி வழிபாடு முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். அன்பியம் என்கிற தெரு ஜெபக்குழுக்களில் இருக்கும் குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் தானியம் கொடுக்க வேண்டும். அன்பியத் தலைவர் கிளெமென்ட், சபையில் பாதிப் பேருக்கு சுகர் என்பதால் இந்த வருஷம் அரிசி வேண்டாம், கோதுமை நொய் போதும் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மாலை, எமரன்சி பூசைக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார்.

"எமரன்சிக்கா, நொய்யி!"

"இதோ. டப்பாவோட எடுத்துட்டுப் போங்க, அப்புறம் குடுங்க."

கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜோடியில் கைக்கு வந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தவள் அவளேதான். வேறு யார் தலையிலும் போட வழியில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கோவிலில் மணி கிடையாது, பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. எல்லாரும் காலையிலிருந்து பட்டினி. சிலுவையை முத்தமிட வரிசையாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஜன்னல் வழியாக அது வந்தது. முதல் வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு மூன்று. பிறகு ஒரு பக்கம் முழுக்க மூக்கைத் தூக்கியது. சிலுவையைப் பிடித்திருந்த ஃபாதர் கூட ஒருமுறை ஆழமாக மூச்சிழுத்தார். எமரன்சி முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். தினமும் ஆறு மணிக்கு அவள் அடுக்களையில் எழும் வாசனை, இப்போது அண்டாக்கணக்கில் எழுந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தால், காம்பவுண்டில் அண்டாவைச் சுற்றி ஒரே கூட்டம். நோன்புக் கஞ்சியை ஒரு கிண்ணத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். ஆளாளுக்கு இரண்டாவதுக்கு நீட்டினார்கள்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, அடியிலேருந்து!"

"ஏம்ப்பா, பெரிய வெள்ளிக் கஞ்சியா இது, இல்ல கல்யாணப் பாயசமா?" என்று கிளெமென்ட் கரண்டியோடு கத்தினார். "கொதிக்கறப்பதான் தெரிஞ்சுது. நாப்பது வீட்டு நொய்யக் கொட்டவா முடியும்? யாரு வீட்டு டப்பாய்யா இது?"

நாற்பது வீடு. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எதிரில் ரெமிஜியஸ் கிண்ணத்தை வாயிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தார். கிண்ணத்தை மதில்மேல் வைத்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நடந்தார்.

"என் வீட்டுதுதான் கிளெமென்ட்டு" என்றாள் எமரன்சி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "வீட்டுக்காரருக்குத் தெரியாம நான் ஒளிச்சிக் குடிக்கற டீத்தூளு. திட்டறத அப்புறம் திட்டு." சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மதிலோரம் மரத்தடியில் நின்றிருந்தார். உதட்டில் சிகரெட். கையில் தீப்பெட்டி.

"தெனமும் வெங்காயம்" என்றார். "நான் ஆறு மணி பூசையில முட்டிபோட்டு இத விடறதுக்கு வேண்டிக்கறேன். நீ இங்க வெங்காயம் வதக்கற."

"சக்கர இல்லீங்க அதுல."

"சக்கரயப் பத்தி யாரு கேட்டா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது.

"விழுந்துட்டேன்" என்றாள். "இனிப்புல இல்ல, திருட்டுல. நீங்க ஜெயிச்சீங்க. பத்த வெச்சுக்கறதுன்னா வெச்சுக்கோங்க. ஆனா அந்த சிலிண்டர நான் இழுக்க மாட்டேன், சொல்லிட்டேன். எனக்கு முட்டிவலி."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. சிகரெட் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், ஆனால் வாயில் வைக்கவில்லை.

"ஈஸ்டருக்கு இன்னும் ரெண்டு நாளு" என்றார். "அன்னிக்கு நீ கேக்கு திம்பியா?"

எமரன்சியின் தங்கச்சி வீட்டிலிருந்து பிளம் கேக் வரும். நாற்பத்தைந்து நாளாக அவள் உயிரோடு இருந்ததே அதை நினைத்துத்தான்.

"ஒரே ஒரு துண்டு" என்றாள்.

"அப்ப எனக்கு ஒரே ஒரு இழுப்பு."

அவள் அவரைப் பார்த்தாள். சட்டைக்குள் விலா எலும்பு தெரிந்தது. ஒரு துண்டில் அவள் நிற்கமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். ஒரு இழுப்பில் அவரும் நிற்கமாட்டார்.

"டீ?" என்று கேட்டாள்.

"ஒளிக்காம குடிச்சா குடி. நானும் குடிச்சுப் பாக்கறேன். கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு."

"மோந்து பாக்கறேன், உதட்டுல வெக்கறேன்னு வராந்தாவுல சர்க்கஸ் காட்டக் கூடாது."

"காட்ட மாட்டேன்."

"அப்ப கேக்கு வேணாம்" என்றாள் எமரன்சி. சொல்லிவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். யாராவது செத்தால்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. "இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷத்தப் பத்தி என்கிட்ட இப்ப கேக்காதீங்க, அழுதுடுவேன்."

ரெமிஜியஸ் சிகரெட்டை இரண்டாக ஒடித்துச் சாக்கடையில் போட்டார். அவள் அது விழுந்ததை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சீக்கிரம் வாங்க. இந்த ஜனங்க அண்டாவ வழிச்சிடுவாங்க. நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கல."