நிமிர்ந்து நிற்கும் மேசை

அப்புத்தளையில் நான் வேலை செய்யும் விடுதியின் குளியலறைக்குப் பழைய மேசை ஒன்று வந்திருக்கிறது. நடுவில் துளை போட்டு வெள்ளை பேசினைப் பதித்து, சுவரோடு சேர்த்து இறுக்கிவிட்டார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, தண்ணி வடியறதுக்கு அந்தக் காலத்துலயே ஓரமா காடி வெட்டியிருக்காங்க. எதுக்கு வச்சிருந்தாங்களோ!"

எதற்கென்று எனக்குத் தெரியும். இடித்துத் தள்ளிய எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பொதுவாக இருந்த மேசை அது. யார் செத்தாலும் அதில் கிடத்தித்தான் குளிப்பாட்டுவார்கள்.

அம்மாவையும் அதில்தான் கிடத்தினார்கள். கொழுந்து பறித்த இடத்தில் குளவி கொட்டி, முகம் ஆள் தெரியாமல் வீங்கியிருந்தது. மூக்குத்தியைப் பார்த்துத்தான் அம்மா என்று நம்பினேன். மஞ்சள் தண்ணீர் அவள் முடியை நனைத்து, காடி வழியே ஓடி, என் காலடியில் சொட்டியது. பெரியம்மா செம்பை என் கையில் திணித்தாள்.

"ஊத்து தாயி. அம்மாவுக்கு எரியும்ல."

அம்மாவைத் தூக்கியதும் மேசையைக் கவிழ்த்துப் போட்டார்கள். அடுத்த சாவு வரைக்கும் கால்கள் மேலே பார்த்தபடிதான் கிடக்கும். நிமிர்ந்து நின்றால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்பாள் பெரியம்மா.

"தெனமும் நல்லா தொடைச்சு வை" என்றார் முதலாளி.

துடைக்கிறேன். துடைத்து முடித்ததும், யாரும் பார்க்காதபோது, இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். அசைய மாட்டேன் என்கிறது.