நீலக் கோடு

வளரும் ஊராம். மண்ணாங்கட்டி. அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதைக் கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தவளே நான்தான்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், தக்கலையில் ஓர் அச்சுக்கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணக் கார்டும் நோட்டீசும் செய்துகொண்டிருந்தேன். அப்போது எங்கள் பக்கத்தில் வயல் என்று ஒன்று இருந்தால், அதன் ஓரத்தில் மண் லாரி நிற்கும். வளைகுடாவில் சம்பாதிக்கிறவர்கள், திருவனந்தபுரத்தில் வாடகை கொடுத்து மாளாதவர்கள், எல்லாருக்கும் இங்கே ஒரு வீடு வேண்டும். கட்டட்டும், வீடு கட்டுவது குற்றமா? ஆனால் எத்தனை மேட்டு நிலம் கிடந்தாலும் மனை விற்கிறவர்களின் கண் நெல் விளைகிற இடத்தில்தான் விழுந்தது.

அப்படி ஒருவர் ஒருநாள் கையால் கிறுக்கிய படத்தோடு கடைக்கு வந்தார். மேலே 'வளரும் ஊர், திருவனந்தபுரம் பக்கம்தான்' என்று போட வேண்டும். கீழே மனைகளின் படம். பார்த்ததும் இடம் புரிந்துவிட்டது. கிழக்கே, மனைகள் முடிகிற இடத்தில் இருப்பது எங்கள் வயல். அம்மா ஒற்றை ஆளாகப் பயிர்வைத்து எங்களை ஆளாக்கிய வயல். அதற்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் அந்த மனைகளின் நடுவே போகிறது. அவர் அதை வெறும் இரட்டைக் கோடாக விட்டிருந்தார். நான் நீலம் அடித்து வைத்தேன்.

“இது என்னத்துக்கு? ரோடுன்னு போடு மக்கா. இருபதடி.”

“அது வாய்க்காலாக்கும். எங்க வயலுக்கு வெள்ளம் வாறதே அதுலதான்.”

“நோட்டீசுதானே. இதைப் பாத்தா வெள்ளம் நிக்கப் போவுது?” என்று அவர் சிரித்தார்.

கடைக்கார அண்ணன் என்னை முறைத்தார். நோட்டீஸ்தானே என்று நானும் நினைத்தேன். நீலத்தை அழித்து, சாம்பல் நிறம் பூசி, '20 அடி சாலை' என்று அடித்தேன். போதாததற்கு, நான் செய்யும் எல்லாவற்றுக்கும் வைப்பதுபோல நான்கு மூலையிலும் பிச்சிப்பூ வைத்தேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

அம்மாவுக்கு அந்தப் பிச்சிப்பூ நன்றாகத் தெரியும். யார் வீட்டுக் கல்யாணக் கார்டானாலும் மூலையைத்தான் முதலில் பார்ப்பாள். பூ இருந்தால் பக்கத்தில் நிற்பவர்களிடம் என் பெருமையைச் சொல்லாமல் விடமாட்டாள்.

இரண்டாம் போகமான கும்பப்பூ நடவு முடிந்த கையோடு வாய்க்காலில் செம்மண்ணைக் கொட்டி மூடினார்கள். வயல் வெடித்தது. அம்மா குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தாள். எத்தனை குடம் ஊற்ற முடியும்? நாற்று கருகியது. நான் மனு எழுதி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மண் கொட்டியவனைக் கூப்பிட்டுக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் இல்லை. எங்களைக் கேட்க மட்டும் இருந்தது.

“வாய்க்கால்னு எதை வச்சு சொல்லுறிய?” என்ற அதிகாரி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். “ரோடுன்னு ஊரு பூரா நோட்டீசு குடுத்திருக்காவ. அப்ப ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே?”

நான் அடித்த நோட்டீஸ். அதைக் கையில் எடுத்தேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மூலையில் பூவைக் கண்டாள். வந்த காரியம் மறந்து அவள் முகம் விரிந்தது.

“இது எனக்க மவ அடிச்சதாக்கும் சாரே” என்றாள்.