குட்டிப் பேயின் கடைசிச் சனிக்கிழமை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இப்போது மெர்கோங்கில் என் வீட்டு மேசையில் இதை எழுதும்போதும் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. "காலை ஆட்டாதே, வீடு விளங்காது" என்று அம்மா திட்டாத நாளில்லை. கால் என் பேச்சைக் கேட்டால்தானே! அது மிக மோசமாக ஆடியது சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, சனிக்கிழமை சாயங்காலங்களில். எல்லாம் ஒரு பேய்க் கார்ட்டூனுக்காக.

எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், அப்போது மின்சாரம் இல்லை. கடைசி வீட்டு லாரிக்கார மாமா மட்டும் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தார். அது கார் பேட்டரியில் ஓடும். பேட்டரியை பீடோங்கில் ஒரு கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவார். சனிக்கிழமைக்குள் அது பாதி செத்திருக்கும். பேட்டரி இறங்க இறங்கத் திரையில் படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கும். நாங்களும் சுருங்கிய படத்தோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் மூக்கு கண்ணாடியில் இடிக்க உட்கார்ந்திருப்போம். மாமா பின்னாலிருந்து, "டிவிக்குள்ள பூந்துறாதீங்க லா" என்பார்.

கார்ட்டூனில் ஒரு பாழடைந்த பெரிய வீடு. அதில் ஒரு பேய்க் குடும்பம். அவர்களுக்கு மனிதர்களைக் கண்டால் பயம். அம்மா பேய் எந்நேரமும் சட்டியில் எதையாவது கிண்டிக்கொண்டிருக்கும். சித்தப்பா ஒரு எலும்புக்கூடு. தும்மினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடுவார், பிறகு எல்லோரும் சேர்ந்து பொறுக்கி மாட்டுவார்கள். அவசரத்தில் கையை இடுப்பில் மாட்டிவிட்ட வாரம் நான் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து மாமா வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கதையெல்லாம் குட்டிப் பேயைப் பற்றியதுதான். அதற்கு வீட்டு கேட்டைத் தாண்டி வெளியே போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஒவ்வொரு வாரமும் கேட் வரைக்கும் போகும், ஒவ்வொரு வாரமும் ஏதாவது தடுக்கும். எனக்கோ பொறுமை கிடையாது. "போயேன், போய்த் தொலையேன்" என்று திரையைப் பார்த்துக் கத்துவேன்.

பேச்செல்லாம் ஆங்கிலம். கீழே மலாய் எழுத்து ஓடும், ஆனால் படம் சுருங்கினால் முதலில் காணாமல் போவது அந்த எழுத்துதான். ஆகவே பேய்களுக்குத் தமிழ் பேசியது என் அக்கா. அவளுக்கும் ஆங்கிலம் தெரியாது. அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அம்மா பேய் வாயைத் திறந்தால், "டேய், வெளிய போகாதடா, மண்டோரு புடிச்சிக்குவான்" என்று எங்கள் தோட்டத்துக் கங்காணியை இழுப்பாள். எலும்புச் சித்தப்பா தும்மினால், "அய்யோ, என் முட்டிய எந்த நாயி தூக்கிட்டுப் போச்சு?" என்பாள். எங்களுக்கு அதுதான் கதை. டிவியில் ஓடியது வேறு எதுவாகவோ இருந்திருக்கலாம்.

பார்த்துவிட்டுத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்கள், எங்கள் பேச்சில் கித்தா மரங்கள், ஆரம்பமாகிவிடும். வெயில் காலத்தில் கித்தாக் காய் படீரென்று வெடித்துக் கொட்டை தகரக் கூரைமேல் விழும். நான் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொள்வேன். "எலும்புச் சித்தப்பா தும்முறாரு, ஓடு" என்பாள். ஓடுவோம். பயமும் சிரிப்பும் அப்படி ஒன்றாக வந்தது பிறகு எதிலும் எனக்கு வாய்க்கவில்லை.

வருடக் கடைசியில் அக்கா பினாங்குக்கு ஃபேக்டரி வேலைக்குப் போனாள். தோட்டத்திலிருந்து பெண்பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கிறிஸ்மஸுக்கு வந்து ஒரே நாளில் திரும்பிவிட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அடுத்த சனிக்கிழமை கடைசி பாகமாம். குட்டிப் பேய் வெளிய போச்சா இல்லையான்னு பாத்து வை. ஆஸ்டல்லயும் டிவி இருக்கு, நானும் பாக்கறேன்" என்றாள். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேய் வெளியே போயிற்றா என்பது தெரியாமல் என்னால் உயிரோடு இருக்கவே முடியாது என்று நினைத்தேன். மிகைப்படுத்தவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் புத்தாண்டில்தான் அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களையெல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னது. "கடிகாரத்தத்தான தள்ளுனானுங்க, சூரியனத் தள்ள முடியுமா?" என்று அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் ஓடுகிற கடிகாரம் இல்லை. நேரம் என்றால் எங்களுக்குத் தோட்டத்துச் சிற்றாலய மணிதான். சாயங்காலம் ஆறுக்கு உபதேசியார் மணி அடிப்பார். அம்மா எங்களை முழங்காலில் நிறுத்தித் திரிகால செபம் சொல்ல வைப்பாள். முடிந்ததும் ஓடினால், ஆறேகாலுக்குத் தொடங்கும் இருபது நிமிடக் கார்ட்டூனுக்கு முன்வரிசை இடமே கிடைக்கும்.

அந்தச் சனிக்கிழமை மணி அடிக்கவே மாட்டேன் என்றது. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். "செபம் இப்பவே சொல்லிட்டா என்னம்மா?" என்றேன். "மணி அடிக்காம என்னடி செபம்?" என்றாள். ஒருவழியாக அடித்தது. முழங்காலில் நின்று பாதி வார்த்தைகளை முழுங்கிச் சொன்னேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, "மறுபடி சொல்லு" என்றாள். மறுபடி சொன்னேன். பிறகு ஓடினேன், செருப்புகூடப் போடவில்லை.

மாமா வீட்டிலிருந்து பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே சுருங்கிப்போன திரையில் எழுத்துகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. உபதேசியார் பழைய நேரத்துக்கே மணி அடித்திருக்கிறார்! டிவிக்காரர்களோ புது நேரத்துக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். தோட்டத்தில் அந்த மணிக்குக் காத்திருந்த கோயில் பிள்ளைகள் நாங்கள் அத்தனை பேரும் அன்று ஏமாந்தோம். பார்த்தவர்களைப் பிடித்து உலுக்கினேன். கேட் திறந்தது என்றார்கள். அதற்குப் பிறகு? போய்விட்டது என்றது ஒன்று. போகவில்லை என்றது இன்னொன்று. படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டதாம். "உங்க அக்கா இல்லாம யாருக்கு லா புரியும்?" என்றான் ஒருவன். அவனை அடித்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அக்கா அடுத்து வந்தது சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு. பையைக்கூட இறக்க விடவில்லை, வாசலிலேயே மறித்தேன்.

"போச்சா இல்லையா?"

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். பிறகு சிரித்தாள். "போச்சு. நல்லாவே போச்சு. எலும்புச் சித்தப்பா தன் கையையே கழட்டி ஆட்டி வழியனுப்பி வச்சாரு."

டவுனுக்குப் போனதாம். அங்கே எங்கே பார்த்தாலும் விளக்காம். ஒரு ரூமில் நிறையப் பேய்களாம், கட்டில் போதாதாம். ஒரு பேய் எழுந்து வேலைக்குப் போனதும் அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த பேய் வந்து படுத்துக்கொள்ளுமாம். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வாயை மூட வெள்ளைத் துணி. யார் பேய், யார் மனுசி என்றே தெரியாதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பல வருடம் அதையே கடைசி பாகமாக எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன், என் பிள்ளைகள் உட்பட.

போன மாதம் அக்கா பட்டர்வொர்த்திலிருந்து தன் மகனோடு வந்திருந்தாள். பேச்சுவாக்கில் பேய்க் கார்ட்டூன் வந்தது. மகன் போனில் எதையெதையோ தட்டி அதையே எடுத்துவிட்டான். கடைசி பாகம், வண்ணத்தில். குட்டிப் பேய் பச்சை நிறம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கேட் திறந்தது. குட்டிப் பேய் வெளியே ஒரு அடி வைத்தது. பின்னால் வீட்டில் விளக்கு எரிந்தது, அம்மா பேய் கூப்பிட்டது. அது திரும்பி உள்ளே ஓடிப்போய் மேசையில் உட்கார்ந்து சூப் குடித்தது. முடிந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ பாக்கவே இல்லையா?"

"எங்க பாக்கறது? அன்னிக்கு எனக்கு சிஃப்ட்."

"அப்புறம் ஏன் போயிருச்சுன்னு அடிச்சுச் சொன்னே?"

அக்கா போனை மகனிடம் கொடுத்தாள். "அது வீட்டுக்கே திரும்பி வந்திருச்சுன்னு சொல்லியிருந்தா, அடுத்து நீ என்னைக் கேட்டிருப்பே, நீ எப்ப வருவேன்னு. அம்மாவும் பக்கத்துல நின்னாங்க."