டென்ஷன் சரியா இருக்கு மேடம்

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும், "ஒரே டென்ஷன் ஆயா" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். முறைக்காதேடி, எழுது.

நான் சட்டை தைக்கிற கார்மெண்ட்ஸில் இருந்த காலத்தில், எங்களுக்கு டென்ஷன் என்றால் மிஷினில் நூலை இறுக்குகிற திருகு. ரொம்ப இறுக்கினால் நூல் அறுந்துபோகும். அவ்வளவுதான் தெரியும்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து நானும் என் பக்கத்து மிஷின்காரியும் ஒன்றாகப் பஸ் ஏறுவோம். வழியெல்லாம் மல்லாட்டை தின்பாள். கடலைத் தோலை என் மடியில்தான் போடுவாள், அவ்வளவு உரிமை! அப்போது அவளுக்கு ஆறு மாசம். கால் வீங்கிப்போய், காலர் லைனிலிருந்து நூல் வெட்டுகிற டேபிளுக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல எவளும் புள்ள பெத்துக்கலயா? டார்கெட்ட முடிம்மா."

ஒரு நாள் கம்பெனி ஒரு டாக்டரம்மாவை அழைத்து வந்தது. வேலை தாங்காதவர்களை லேசான வேலைக்கு மாற்றச் சொல்வாராம். எங்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது. அந்தம்மா மிஷின் மிஷினாக வந்து கன்னடத்தில் ஒரே கேள்வி கேட்டார்.

"டென்ஷன் இதெயா?" இருக்கிறதா என்று.

மிஷினைக் குறை சொன்னால் திட்டு விழும் என்று என் பக்கத்து மிஷின்காரிக்குப் பயம். எழுந்து நின்றாள்.

"டென்ஷன் சரியா இருக்கு மேடம். காலைலதான் மெக்கானிக் பாத்தாரு. நூலு அறுந்துபோகவே இல்ல."

அந்தம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. "சரியா இருக்கு" மட்டும் விளங்கியது போல. "குட், குட்" என்று தோளைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார். நானும் அதையேதான் சொன்னேன்.

அடுத்த வாரம் அவள் ஸ்டூலிலிருந்து சரிந்தாள். பிள்ளை தங்கவில்லை.

திரும்பி வந்தபோதும் அதே காலர் லைன். பஸ்ஸில் மல்லாட்டை இல்லை. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நான் கையை நீட்டி அவள் மிஷின் திருகை இறுக்கிவிடுவேன். நூல் பட்டென்று அறும்.

"மெக்கானிக்கண்ணா! இங்க டென்ஷன் ஜாஸ்தி!" என்று நானே கத்துவேன்.

அவர் அசைந்து அசைந்து வந்து சேர்வதற்குள் அவள் மிஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"யக்கா, இன்னும் கொஞ்சம் இறுக்கு."