சுரத்தாளும் பெரட்டுத் தப்பும்

ஆர்மோனிய வாத்தியாருக்கு மலைநாட்டில் இரண்டு சத்துருக்கள்: ஒன்று பனி, மற்றது அவரே எழுதிக் கொடுத்த சுரத்தாள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எழுதத் தொடங்கிய கதை

ஐம்பதுகளில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பஜனைக் கோஷ்டிக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே பாட்டு மேல் லயத்து வீடுகளில் ஒரு மாதிரி, கீழ் லயத்து வீடுகளில் வேறு மாதிரி ஒலிக்கும். எனக்குத் தலை சுற்றியது. கோஷ்டியில் நன்றாகப் பாடும் செல்லம்மாவைப் பாடச் சொல்லி, அதை அப்படியே ஸரிகம என்று எழுதி எல்லோருக்கும் கொடுத்தேன். மறுவாரம் செல்லம்மாவே ஓரிடத்தில் புதிதாக ஒரு குழைவு குழைத்தார். தாளைக் காட்டி, இப்படி இல்லையே என்றேன்.

"எங்க வாயில இருந்து எடுத்துத்தான எழுதுனீங்க வாத்தியாரே, இப்ப அதக் காட்டி எங்களயே கொற சொல்றீங்க."

ஊமை மத்திமம்

மழைக்காலத்துப் பனி ஈரத்தில் ஆர்மோனியத்தின் மத்திமக் கட்டை ஊமையாகிவிட்டது. பரவாயில்லை என்று அப்படியே பாடம் நடத்தினேன். கோஷ்டி பாடியபோது 'ம' வரும் இடமெல்லாம் மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. செல்லம்மா சிரிக்கவில்லை.

"தாள்ல ம இருக்கு, பொட்டியில இல்ல. நாங்க எத நம்புறதுங்க?"

பரீட்சை

செல்லம்மாவின் புருஷன் காத்தமுத்துதான் விடியற்காலையில் தப்புப் பறை அடித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, அழைப்பவர். பூண்டுலோயாவில் மகளுக்குக் கல்யாணம். தப்படிக்க வேறு ஆள் இருந்தால்தான் லீவு என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொல்லிவிட்டார். பெற்ற தகப்பன் இல்லாமல் தாலி ஏறுவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. காத்தமுத்துவின் அடியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நான் அடிக்கிறேன் என்று கண்டாக்கையா முன்னால் போய் நின்றேன்.

மறுநாள் விடியற்காலையில் அவர் முன்னிலையில் பரீட்சை. பயண மூட்டையோடு புருஷனும் பெண்டாட்டியும் ஓரமாக நின்றார்கள். தாளைப் பார்த்துப் பார்த்து அடித்ததில் தாளம் மெதுவாகப் போயிற்று. அதே அடி மெதுவாகப் போனால் சாவு அடி. அது தாளில் இல்லை. காத்தமுத்து தலையில் கை வைத்தார். கொழுந்துக் கூடையை விட்டுவிட்டுப் பெண்களும், தோளில் துண்டோடு ஆண்களும், யார் போய்ச் சேர்ந்தது என்று ஓடிவந்தார்கள். சாவுக்கு வராமல் இருக்க முடியுமா? காய்ச்சல் என்று படுத்திருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். லீவு போச்சு என்றுதான் நினைத்தேன். கண்டாக்கையா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தன பேரு ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல. காத்தமுத்து, நீ மறுவீடும் முடிச்சிட்டு வா, அதுவரைக்கும் வாத்தியாரே அடிக்கட்டும்."

சுரத்தையும் தாளத்தையும் எழுதிவிடலாம், அதைக் கேட்டதும் சனம் கூடையைத் தூக்குமா துண்டைத் தூக்குமா என்பதை எழுதத்தான் இன்னும் ஓர் எழுத்து வரவில்லை.